உறைந்த கருவைக் கருப்பையில் வைப்பது: நாள் எண்ணும் முறை

ஐவிஎஃப் (ஆய்வுக்கூடத்தில் கருவை உருவாக்கும் சிகிச்சை) முடிந்து, மீதிக் கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன, அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? ஊசி, முட்டை எடுப்பது எல்லாம் நீங்கள் பார்த்தாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: காசும் கையெழுத்தும்

சிங்கப்பூரில் கேகே, என்யுஎச், எஸ்ஜிஎச் ஆகிய அரசு மருத்துவமனைகளில் செய்தால், இருவரும் சிங்கப்பூரர் என்றால், உறைந்த கருச் சுழற்சிக்கு 75 விழுக்காடு வரை, அதிகபட்சம் 2,200 வெள்ளி மானியம் உண்டு. மூன்று முறை வரை கிடைக்கும். பொதுவாக மனைவிக்கு 40 வயது ஆகியிருக்கக்கூடாது. மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) கணக்கு தனி, அதிலிருந்து இந்தச் சிகிச்சைகளுக்கு எடுக்க வாழ்நாள் உச்சவரம்பு 15,000 வெள்ளி. கருக்களை உறைநிலையில் வைத்திருக்கும் கட்டணத்தில் பாக்கி வைக்காதீர்கள். கையெழுத்து பற்றிப் பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

படி 2: மாத்திரை

மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு இயற்கைச் சுழற்சியிலேயே செய்வதுண்டு. எனக்கு மாத்திரை வழி. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் மாத்திரை தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஸ்கேன். கருப்பையின் உட்சவ்வு 7 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

படி 3: புரொஜெஸ்டிரோன் (இங்கே நிதானம்)

−196 டிகிரி திரவ நைட்ரஜனில் கரு வருடக்கணக்கில் காத்திருக்கும். உட்சவ்வு காத்திருக்காது. புரொஜெஸ்டிரோன் (உட்சவ்வைக் கருவுக்குத் தயார்செய்யும் ஹார்மோன்) பட்ட நிமிடத்திலிருந்து அது மாறத் தொடங்கி, சில நாள்களுக்கு மட்டுமே கருவை ஏற்கும். ஐந்தாம் நாள் வரை வளர்த்து உறையவைத்த கரு என்றால், உட்சவ்வுக்கும் புரொஜெஸ்டிரோன் ஏறக்குறைய ஐந்து நாள் கிடைத்திருக்கவேண்டும். ஆய்வுக்கூடம் இந்தக் கணக்கை வைத்துத்தான் கருவை உருக்கும்.

என்னைக் குழப்பியது நள்ளிரவு. “திங்கள் இரவு 12 மணிக்குத் தொடங்குங்கள்” என்றால் திங்கள் பிறக்கும்போதா, முடியும்போதா? நர்ஸிடம் தேதியும் மணியும் எழுதி வாங்குங்கள். மாதவிடாய் நாள் கணக்கிடும் செயலிகளை நான் நம்புவதில்லை. மாத்திரைச் சுழற்சியிலும் அவை கருமுட்டை வெளிவரும் நாளை ஊகித்துச் சொல்லிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டியில் ஒட்டிய மாதக் காலண்டரும் கைப்பேசி அலாரமும் போதும்.

அந்தக் காலண்டரிலேயே ராகுகாலம் பார்த்து, “அத்தனை நாள் காத்திருந்தது, ஒரு நாள் தள்ளினால் என்னம்மா?” என்றார் மாமியார். நல்ல நாள் பார்ப்பதென்றால் புரொஜெஸ்டிரோன் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அத்தை சொல்கிறார் என்று அப்புறம் தள்ள முடியாது.

படி 4: வைக்கும் நாள்

கைப்பேசியை அணைக்காதீர்கள். உருக்கும்போது எல்லாக் கருவும் பிழைப்பதில்லை, அழைப்பு வரலாம். வயிற்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிய, தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். சில நிமிட வேலைதான், பெரும்பாலும் மயக்கமருந்து வேண்டாம். வந்து படுத்தே கிடந்தால் கரு ஒட்டும் என்பதற்கு ஆதாரமில்லை. சரி, எம்ஆர்டி ரயிலில் வரலாமா? வரலாம்.

பின்சேர்க்கை (தோழிகள் கேட்டவை)

கணவர் வெளிநாட்டு வேலையில் இருந்தால்: கருவைப் பயன்படுத்த இருவர் ஒப்புதலும் தேவை. நேரில் வந்துதான் கையெழுத்திடவேண்டுமா என்று மாத்திரை தொடங்கும் முன்பே விசாரியுங்கள்.

வீட்டுக் கர்ப்பச் சோதனைக் குச்சி: கருமுட்டையை வெளிவரச்செய்ய எச்சிஜி ஊசி போட்டிருந்தால், அந்த மருந்தே சில நாள் இரண்டு கோடு காட்டும். இரத்தப் பரிசோதனை வரை பொறுங்கள். இடையில் இரத்தம் பட்டாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மையத்துக்குப் போன் செய்யுங்கள்.