பிரிந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவை: எதை எடுப்பது, எதை விடுவது

பிரிந்து இரண்டு வருடம் கழித்தும் என் ஏடிஎம் பின் நம்பர் அவள் பிறந்த தேதிதான். அழுகையெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது; விரல் மட்டும் அந்த நாலு இலக்கத்தை அடித்துக்கொண்டே இருந்தது. அதனால் முதலில் எண்களைப் பிடியுங்கள். பின் நம்பர், பாஸ்வேர்டு, போன் லாக். அரை மணி நேர வேலை.

அடுத்தது போன். முதல் எழுத்தை அடித்தாலே கீபோர்டு பெயரை நீட்டும். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிடலாம். கூகுள் போட்டோஸ் பழைய படங்களைத் தானாகத் தூக்கிக்கொண்டு வரும். அதன் செட்டிங்ஸில் ஒரு முகத்தையோ சில தேதிகளையோ மறைக்கலாம், படம் அழியாது. மறைத்தால் போதும். நான் ஆத்திரத்தில் மொத்தமாக அழித்தேன். நான் ஒல்லியாக இருந்த நாலு வருடமும் சேர்ந்து போயிற்று.

'இனி நினைக்கவே மாட்டேன்' என்ற சபதம் மட்டும் வேண்டாம். 1987-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம், வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்தபடி இருந்தது. பிறகு நினைக்கலாம் என்றபோது, அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. என் கரடிக்கு வேறு பெயர்.

எனக்கு உதவியது எழுத்து. 1986-இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில் வைத்த அளவுதான்: தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். அனுப்பாத கடிதமாக எழுதினேன். முதல் நாள் முழுக்க வசவு. இரண்டாம் நாள் அவள் செய்தவை. மூன்றாம் நாள்தான் நான் செய்தது வெளியே வந்தது: அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு, போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கினேன். எழுதியதும் மனசு லேசாகும் என்று நம்பாதீர்கள். அன்றைக்கு இன்னும் கனக்கும், அந்த ஆய்விலும் அப்படித்தான். படுக்கப் போகும் நேரத்தில் எழுத வேண்டாம்.

வாசனையை ஒன்றும் செய்ய முடியாது. பார்ப்பதும் கேட்பதும் போலச் சுற்றிக்கொண்டு போகாமல், உணர்ச்சியும் நினைவும் இருக்கும் மூளைப் பகுதிக்கு நேராகப் போய்விடும். லிஃப்டில் யாராவது அதே சென்ட் போட்டிருந்தால், இறங்கும்வரை தாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் துடைக்க வேண்டியதும் இல்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது அவள் பழக்கம். அப்போது கிண்டல் செய்வேன். இப்போது நான் இழுக்கிறேன். அவளைப் பற்றி என் மனைவிக்குத் தெரியும், பூட்டு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. போன வாரம் வெளியே கிளம்பும்போது மனைவிதான் பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.