வாடகை கார் ஷெட்டின் சிமென்ட் தரை: காப்பாற்றப் போய்க் கெடுக்கும் தவறுகள்

வீட்டைக் காலி செய்த அன்று உரிமையாளர் கார் ஷெட்டுக்குள் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாவி நுனியால் தரையைச் சுரண்டிப் பார்த்தார். மணல் மணலாக உதிர்ந்தது. ஆயில் கறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது உள்ளங்கை அகலம்தான். அதைப் போக்குவதற்காக நான் ஆசிட் ஊற்றித் தேய்த்த இடம்தான் முறம் அகலத்துக்கு வெளிறி, சொரசொரவென்று கிடந்தது. அட்வான்ஸில் ஆறாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆயில் தரைக்குத் தந்தது ஒரு கறுப்புப் புள்ளி. தரையையே கெடுத்தது நான்.

அதற்குப் பிறகு இரண்டு வாடகை வீடுகள் மாறிவிட்டேன். ஒரு பழைய கார், ஒரு பைக், ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ரிப்பேர் வேலை, எல்லாம் அப்படியே தொடர்கிறது. இப்போது ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன். வாடகைத் தரையில் எதையும் பூசுவதில்லை, ஒட்டுவதில்லை. போட்டு எடுக்கக்கூடியதை மட்டும் போடுகிறேன்.

ஆசிட் ஏன் கூடாது

நம் ஊரில் தரையில் எந்தக் கறை விழுந்தாலும் முதலில் ஞாபகம் வருவது ஆசிட் பாட்டில்தான். கடையில் கேட்டவுடன் கிடைக்கும், விலையும் குறைவு. ஊற்றினதும் நுரை பொங்கும். அழுக்கு கழன்று வருகிறது என்று நினைத்துக்கொள்வோம். நுரைப்பது அழுக்கு அல்ல, சிமென்ட். இறுகிய சிமென்ட்டில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. காரத்தன்மை உள்ள அந்தப் பொருள்தான் மணலையும் ஜல்லியையும் பிடித்துவைத்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத் தின்று கரைக்கிறது. ஆனால் ஆயிலை அது ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் மணிக்கணக்கில் தேய்த்தாலும் கறை மங்கலாக அங்கேயே நிற்கும், தரை மட்டும் போய்விடும்.

கொத்தனார் தரை போடும்போது கடைசியில் கரணையால் அழுத்தி அழுத்தி இழுத்து வழுவழுப்பாக்குகிறாரே, அந்த மெல்லிய மேல்பரப்புதான் தரைக்குக் கவசம். அது ஒருமுறை போய்விட்டால் உள்ளே இருக்கும் துளைகள் திறந்துவிடும். அடுத்து விழும் ஆயில் இன்னும் ஆழமாக இறங்கும், தினமும் பெருக்கினாலும் மணல் வந்துகொண்டே இருக்கும். மூடிய ஷெட் என்றால் ஆசிட் புகை பைக் செயினையும் ஸ்போக்ஸையும் துருப்பிடிக்க வைப்பது தனிக்கதை. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம்தான் இருக்கிறது. எலுமிச்சையும் வினிகரும் இயற்கையானவை என்று சிலர் சொல்வார்கள். அவையும் அமிலமே. வேகம் குறைவு, அவ்வளவுதான்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பது அடுத்த தவறு. அது ஆயிலை நீர்க்கவைத்து, உள்ளங்கைக் கறையைத் தட்டு அளவுக்குப் பரப்பி, துளைகளுக்குள் இன்னும் இறக்கிவிடும். காற்றோட்டமில்லாத ஷெட்டில் பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்க ஒரு ஸ்விட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, வேறு என்ன செய்வது? ஆயில் இப்போதுதான் சிந்தியது என்றால் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பரவும். மரக்கடையில் கேட்டால் ஒரு பை மரத்தூள் தருவார்கள். அதைக் குவித்துப் போட்டு, காலால் லேசாக மிதித்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் பெருக்கி எடுங்கள். உமியும் உதவும்.

பழைய கறைக்கு என் வீட்டில் வேலை செய்வது முல்தானி மட்டி. முகத்துக்குப் பூசுகிற அதே மண்தான். எண்ணெயை உறிஞ்சும் குணத்துக்காகவே பழைய காலத்தில் கம்பளித் துணியின் பிசுக்கை எடுக்க இந்த வகை மண்ணைப் பயன்படுத்தினார்கள். முதலில் சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுவேன். கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழும். அப்புறம் மட்டியோடு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு அடை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, கறையின் மேல் விரல் கனத்துக்கு அப்புவேன். மேலே ஒரு பாலித்தீன் ஷீட், ஓரங்களில் டேப். ஒரு நாள் கழித்து ஷீட்டை எடுத்துவிட்டால் மண் காய ஆரம்பிக்கும். காயும்போது ஆயிலையும் மேலே இழுத்துக்கொள்ளும். வெள்ளையாக அப்பியது பழுப்பாகி, ஓரம் சுருண்டு, பிளாஸ்டிக் கரண்டி வைத்தால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். இரண்டு மூன்று தடவை செய்தால் கறை நிழல் மாதிரி ஆகிவிடும். அந்த நிழலையும் போக்குகிறேன் என்று ஆசிட்டைத் தேடிப் போகாதீர்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

முழுத் தரையையும் மூடுவது

பழைய ஃபிளெக்ஸ் பேனர் மலிவாகக் கிடைக்கிறது. அதை ஷெட் முழுக்கச் சுவரிலிருந்து சுவர் வரை விரித்துவிட்டால் தரைக்குக் கவலை இல்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஐப்பசி மழை முடிந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் தரை கறுத்து ஈரமாக இருந்தது. ஓரத்தில் பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருந்தது. தரைக்கு அடியிலிருந்து ஈரம் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து காற்றில் ஆறிக்கொண்டிருக்கும். மூடிவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஈரத்தோடு வரும் உப்பு மேற்பரப்பில் தங்கிப் படிகமாகும்போது தரையை உள்ளிருந்தே நெம்பும்.

உங்கள் தரையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்ப்பது சுலபம். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் ஷீட்டைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் எடுத்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் நீர்த்துளி நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தரையில் எதையும் நிரந்தரமாக விரிக்கக் கூடாது.

ரப்பர் மேட்டும் மாசக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் கறுப்புத் தடம் விட்டுவிடும். ரப்பரில் உள்ள சில ரசாயனங்கள் சிமென்ட்டுக்குள் இறங்குவதால் வரும் கறை அது. டயர் நிற்கும் இடத்தில் வருகிற கறுப்பும் அதே வகைதான். இரண்டையுமே கழுவிப் போக்குவது கடினம்.

அதனால் ஆயில் சொட்டும் இடத்துக்கு மட்டும் காவல் போட்டால் போதும். ஓட்டை விழுந்த பழைய அலுமினியத் தாம்பாளத்தின் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, உள்ளே அட்டைப்பெட்டித் துண்டும் ஒரு பிடி மரத்தூளும் போட்டு, இன்ஜினுக்கு நேர் கீழே தள்ளிவைத்திருக்கிறேன். அட்டை ஊறினால் மாற்றிவிடுவேன். ஃபிளெக்ஸ் பேனர் இப்போதும் இருக்கிறது. வேலை செய்யும்போது விரிப்பேன், முடிந்ததும் துடைத்து ஆணியில் மாட்டிவிடுவேன். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துவைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஸ்டாண்டு, ஜாக்கி

பரவலாக வருகிற பாரத்தை சிமென்ட் தரை நன்றாகத் தாங்கும். ஒரே புள்ளியில் குத்துகிற பாரம்தான் ஆகாது. வீட்டுக் கார் ஷெட் பலவற்றில் செங்கல் ஜல்லித் தளத்தின் மேல் ஓரங்குலப் பூச்சுதான் இருக்கும். தினமும் ஒரே இடத்தில் சைடு ஸ்டாண்டு போட்டால் ஒரு வருஷத்தில் ஐம்பது பைசா அளவுக்குக் குழி விழுந்துவிடும். பிறகு குழியின் விளிம்பு உடைந்து பெரிதாகும்.

கிரானைட், மார்பிள் கடைகளில் வெட்டி மிஞ்சிய கடப்பாக் கல் துண்டுகள் குவியலாகக் கிடக்கும். அரை அடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அடியில் சாக்குத்துணி வைத்து ஸ்டாண்டு விழும் இடத்தில் போடுங்கள். ஜாக்கிக்கு 18 மி.மீ. பிளைவுட், ஓரடிச் சதுரம். கல் மேல் ஜாக்கி வைக்கக் கூடாது, வழுக்கும்.

பெயிண்ட், சிமென்ட் பால்

காலி செய்யும் முன் கறையை மறைக்க எனாமல் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட்டின் காரம் எண்ணெய் பெயிண்ட்டை அடியிலிருந்தே சோப்பு மாதிரி ஆக்கிவிடும். ஓடி வந்த காரின் சூடான டயர் அதன் மேல் நின்றால், மறுநாள் வண்டியை எடுக்கும்போது பெயிண்ட் டயரோடு உரிந்து வரும். எபாக்சி என்கிற பிசின் பூச்சு நல்ல பொருள்தான், ஆனால் தரையை மெஷினால் தேய்த்து, ஈரமில்லாமல் காயவைத்து அடிக்க வேண்டியது. அந்தச் செலவு வீட்டுக்காரருடையது, முடிவும் அவருடையது.

சிமென்ட் பால் ஊற்றிக் கீறலை மூடுவதும் இதே கதைதான். பழைய தரையோடு மெல்லிய புதுப் பூச்சு பிடிக்காது. சில வாரங்களில் செதில் செதிலாகக் கிளம்பும்.

இன்வெர்ட்டர் பேட்டரி ஷெட்டில் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வையுங்கள். தண்ணீர் ஊற்றுகிற வகை பேட்டரியின் உள்ளே இருப்பது கந்தக அமிலம். சிந்திவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, பொங்குவது நின்ற பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அட்வான்ஸ் விஷயம்

தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வழக்கமான தேய்மானம் போக, வாங்கிய நிலையில் வீட்டை வைத்திருப்பது குடியிருப்பவர் கடமை என்றும் சொல்கிறது. எது தேய்மானம், எது சேதம் என்பதில்தான் சண்டையே வரும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கறை உங்கள் கணக்கில் ஏறாமலிருக்க, சாமான் இறக்கும் முன்பே ஷெட்டைப் பெருக்கிவிட்டுப் படம் எடுங்கள். ஒவ்வொரு கறைக்கும் கீறலுக்கும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். "ஐயா, ஷெட் தரை இன்று இப்படி இருக்கிறது, ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இப்போது இருக்கும் வீட்டில் நான் பதினோரு படங்கள் அனுப்பினேன். அவர் மாலையே நேரில் வந்து, தெற்கு மூலையில் நான் கவனிக்காத ஒரு கீறலையும் காட்டிவிட்டுப் போனார்.