மோட்டார் பேரிங் போவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்பின்னிங் மில்லில் ஹியுமிடிபிகேஷன் ஃபேன் (காற்றில் ஈரப்பதம் ஏற்றும் விசிறி) மோட்டார் நின்றால் ஈரப்பதம் இறங்கி நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் முதலில் அந்த மோட்டாரிலிருந்தே ஆரம்பியுங்கள். அதிர்வை அளக்கும் வைப்ரேஷன் பேனா ஒன்று போதும்.

இரண்டு பக்கமும் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கிலும் பெயிண்டால் புள்ளி வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே வேகத்தில் எடுத்தால்தான் ரீடிங்கை ஒப்பிட முடியும். ஃபேன் கவர் மேல் வைக்கவே வைக்காதீர்கள், தகடு தானாகவே அதிரும். கிடை, செங்குத்து, ஷாஃப்ட் போகும் திசை என மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

15 முதல் 75 கிலோவாட் வரையுள்ள மோட்டாருக்கு ஐஎஸ்ஓ 10816-1 (2016-ல் ஐஎஸ்ஓ 20816-1 வருவதற்கு முன்பிருந்த சர்வதேசத் தரம்) சொன்ன கணக்கு: அதிர்வு வேகம் நொடிக்கு 2.8 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், 7.1-ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் ஏற்றம்தான் முக்கியம். மாதக்கணக்கில் 2.6-லேயே நிற்கும் மோட்டாரைவிட, 1.2-லிருந்து மளமளவென்று 2.4-க்கு வந்த மோட்டார்தான் ஆபத்தானது.

கிடையில் மட்டும் ஏறினால் பெரும்பாலும் ஃபேன் இறக்கையில் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். ஷாஃப்ட் திசையில் ஏறினால் புல்லி அலைன்மென்டை, அதாவது புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று, பாருங்கள். ரெண்டும் சரியாக இருந்தும் குறையவில்லையா? பெரும்பாலும் பேரிங்தான். சூடாகிறதே என்று கிரீஸைத் திணிக்காதீர்கள், அதுவே சூட்டை ஏற்றும். நேம் பிளேட்டில் உள்ள பேரிங் நம்பரை, சி3 (உள்ளே இடைவெளி சற்று அதிகம் என்ற குறி) என்று இருந்தால் அதையும் சேர்த்து, இப்போதே ஆர்டர் போட்டு, அடுத்த வார விடுமுறையில் மாற்றிவிடுங்கள்.