பற்றைக்காட்டு நடைக்குக் கெய்ட்டர் வாங்குமுன்

கெய்ட்டர் என்பது சப்பாத்தின் வாயையும் அதற்கு மேலே காலையும் மூடிக் கட்டும் துணியுறை. கனடாவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவரும் பனிக் கெய்ட்டரைக் கட்டிக்கொண்டு திரியாய் பக்கக் காட்டில் நடந்தால், கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் வியர்வையில் ஊறிவிடும். அது பனிச்சப்பாத்து, அதாவது பனியில் புதையாமல் நடக்கப் பாதத்தின் கீழ் கட்டும் அகலச் சட்டகம், போட்டு நடப்பதற்கென்றே தைத்தது. துணிக்குள் நீர் புகாது; ஒரு காலின் சட்டகம் மற்றக் காலில் உரசும் என்பதால் உட்பக்கக் கணுக்காலில் கோர்டுரா என்ற தடித்த, உரசல் தாங்கும் துணி வைத்திருப்பார்கள். பனிக்கு அது சரி. திருகோணமலை வெயிலில் முள்ளும் உண்ணியும் மணலும்தான் பிரச்சினை.

நிலாவெளி, குச்சவெளி மணலுக்குக் கணுக்காலை மூடும் 15–20 செ.மீ. உயரம் போதும். பற்றைக்காட்டுக்கு முழங்காலுக்குக் கீழ்வரை வரும், இறுக்கமாக நெய்த, காற்றுப் போகும் நைலோன் வேண்டும். வெளிர் நிறமே நல்லது: கடுகிலும் சிறிய குஞ்சு உண்ணி கறுப்புத் துணியில் கண்ணில் படாது. நக்கிள்ஸ் மலைக்குப் போவதென்றால் கெய்ட்டரை நம்பாதீர்கள், விளிம்பின் கீழால் அட்டை நுழைந்துவிடும். மேஸுக்கு மேலே, சப்பாத்துக்குள்ளே போடும் அட்டைக் காலுறைதான் அதற்கு.

அளவெடுக்கும்போது நடைக்குப் போடும் காற்சட்டையோடு, கெண்டையின் பருத்த இடத்தைச் சுற்றி நாடா பிடியுங்கள். வெறுங்காலில் எடுத்த அளவு பிறகு இறுக்கும். கட்டும்போது கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்கட்டும்; உட்பக்கம் வந்தால் ஒன்றோடொன்று மாட்டி விழுத்திவிடும். முன் கொளுக்கியைச் சப்பாத்துக் கயிற்றின் அடிவரிசையில் மாட்டுங்கள். அடிப்பட்டி குதிக்கு முன்னால், பாதத்தின் வளைவுக்குள் படிய வேண்டும். குதிக்கட்டையிலோ முன்பாதத்திலோ கிடந்தால் கல்லில் தேய்ந்து அறும். முதலில் பழுதாவது இந்தப் பட்டிதான், ஆகவே கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். தைத்து ஒட்டிய பட்டி அறுந்தால் முழுக் கெய்ட்டரும் வீண்.

பாம்பு விடயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள நிலம் இது. சாதாரண நைலோன் பல்லைத் தடுக்காது. அதற்கென்று செய்த தடித்த பாம்புக் கெய்ட்டர் வேறு. அதைப் போட்டாலும் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தே வையுங்கள், இருட்டினால் டோர்ச் அடியுங்கள். கடித்தால் கயிறு கட்டி இறுக்காமல், காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழையில் மழைக்காற்சட்டையைக் கெய்ட்டருக்கு மேலே விடுங்கள். உள்ளே செருகினால் வழியும் தண்ணீர் நேரே சப்பாத்துக்குள் போகும். பனியில் இதற்கு எதிர்மாறு, கெய்ட்டர்தான் மேலே.

வெல்க்ரோவில் புல்விதை அடைந்தால் பிடி விட்டுப்போகும். பழைய பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்து, உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள்.