ஓடிஜில அஸ்பாரகஸ் ரோஸ்ட்: ஈரம் மட்டும் இல்லாம பாத்துக்குங்க

அஸ்பாரகஸ்னா பச்சையா, பென்சில் மாதிரி நீளமா, நுனில மொட்டு வெச்ச தண்டுக் காய். இது நம்ம தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் காய்கறி வண்டில எல்லாம் வராதுங்க, பெரிய சூப்பர்மார்க்கெட்ல ஃப்ரிட்ஜ் ரேக்ல தேடணும் இல்லன்னா ஆப்ல ஆர்டர் போடணும். வெல கையக் கடிக்கும், அதனால பாத்து வாங்குங்க. நுனி மொட்டு இறுக்கமா மூடியிருக்கணும், கொழகொழன்னு இருந்தா தொடவே தொடாதீங்க. அன்னைக்கே செய்யலன்னா டம்ளர்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி அதுல நிக்க வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும்.

அடித்தண்டு நாராத்தான் இருக்கும், மென்னா துப்பணும். கையால வளைச்சு ஒடிச்சுடுங்கன்னு வீடியோல சொல்றாங்க, ஆனா அப்டி ஒடிச்சா நல்ல தண்டும் சேந்து போயிடுது, இவ்ளோ காசு குடுத்துட்டு அது எதுக்கு? கத்தில அடி வெள்ளப் பாகத்த மட்டும் நறுக்குங்க, தடியான தண்டுன்னா கீழ்ப்பாதிய பீலர்ல லேசா சீவிடுங்க, போதும்.

இப்பதான் மெயின் மேட்டர். கழுவினதும் காட்டன் துணில உருட்டி உருட்டி ஒத்தி எடுங்க, முக்கியமா அந்த மொட்டு இடுக்குல தண்ணி நிக்கும், அதையும் பாருங்க. ஏன்னா ஈரம் இருந்தா ஓவன் சூடு மொத்தமும் அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிடும், காய் வெந்து தொவண்டு கெடக்குமே தவிர ஓரம் சிவக்காது. ட்ரேல ஒண்ணு மேல ஒண்ணு குவிச்சாலும் இதே கததான், ஒரே வரிசையா எடம் விட்டு பரப்புங்க, பத்தலன்னா ரெண்டு தடவையா போடுங்க.

ஓடிஜில (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேந்த சின்ன கரண்ட் அடுப்பு) மேல கீழ ரெண்டு ராடும் ஆன் பண்ணி 210 டிகிரில பத்து நிமிஷம் ப்ரீஹீட். ஒரு விஷயம், 1500 வாட்டுக்கு மேல இருக்கற ஓடிஜிய சின்ன 6 ஆம்ப் ப்ளக்ல சொருகாதீங்க, 16 ஆம்ப் பவர் ப்ளக்தான் வேணும், பழைய வீடுங்கள்ல அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதுலயும் வாஷிங் மெஷின் ஓடிட்டு இருக்கும், அது முடியட்டும்.

ஒரு கட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், உப்பு, மெளகுத்தூள், அவ்ளோதான். ஆலிவ் ஆயில் கட்டாயம்லாம் இல்ல, கடலெண்ணெய் சூப்பரா இருக்கும். தயவுசெஞ்சு கரம் மசாலா போடாதீங்க, அந்த பச்ச வாசனைக்குத்தானே காசு குடுத்தோம்.

மெல்லிசு தண்டுக்கு 8 நிமிஷம், சுண்டு விரல் தடின்னா 12ல இருந்து 15, நடுவுல ஒரு தடவ ட்ரேய குலுக்கி திருப்பி வைங்க, சின்ன ஓடிஜில ஒரு பக்கம் சூடு ஜாஸ்தியா இருக்கும். கத்தி முனை சுலபமா எறங்கணும் ஆனா தண்டு நிமிந்து நிக்கணும், அதான் பதம். நசுக்கின பூண்டு போடறதா இருந்தா கடைசி மூணு நிமிஷத்துல போடுங்க, முன்னாடியே போட்டா கருகி கசக்கும். எலுமிச்ச வெளிய எடுத்த பெறகு பிழியுங்க, புளிப்பு பட்டா பச்ச நிறம் மங்கிடும், அதனால உடனே சாப்பிட்டுடணும்.

ரசம் சாதம், காசிமேட்டு வஞ்சிரம் வறுவலோட இது செம்ம. அஸ்பாரகஸ் கெடைக்கலயா, பீன்ஸ முழுசாவோ வெண்டக்காய நீளவாக்குல ரெண்டா கீறியோ இதே மாதிரி போடுங்க, நிமிஷம் மட்டும் 15ல இருந்து 20 ஆகும்.