மாத்திரை காணோம் என்று பழி உங்கள்மேல் விழுந்தால்

வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: "அட்டையில மூணு குறையுது, நீ எடுத்தியா?"

பதில் சொல்வதற்கு முன் பெரியவரைப் பாருங்கள். மறதி உள்ளவர்கள் தூக்க மாத்திரையைப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொள்வது உண்டு. தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது என்றால் பேச்சை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அவர் நன்றாக இருந்தால், சத்தியம் செய்ய வேண்டாம்; எண்ணுங்கள். மருந்துச் சீட்டு, மெடிக்கல் பில், மிச்சமுள்ள அட்டைகள் மூன்றையும் வீட்டார் எதிரிலேயே மேசையில் வைக்கச் சொல்லுங்கள். 3ஆம் தேதி 30 மாத்திரை வாங்கி, அன்றிரவு முதல் 0-0-1 (இரவு மட்டும் ஒன்று) என்று கொடுத்திருந்தால், 20ஆம் தேதி இரவு வரை 18 போயிருக்கும்; 12 இருக்க வேண்டும். 9 இருந்தால் குறைவது 3. இனி அந்த 3 எங்கே போயிருக்கும் என்று தேடலாம். கடையில் இருப்பு இல்லாமல் குறைத்துக் கொடுத்தார்களா? தூக்கம் வரவில்லை என்று மகன் ஒன்று கூடக் கொடுத்தாரா? ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையில் ஒரு துண்டு அட்டை கிடக்கிறதா? பெரும்பாலான குழப்பம் இங்கேயே தீரும்.

அல்பிரசோலம், டயஸிபம், சோல்பிடெம், டிராமடால் போன்றவை எச்1 பட்டியல் மருந்துகள்; அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகள். யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எத்தனை கொடுத்தோம் என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் தொலைந்திருந்தாலும் வாங்கிய கணக்கு அங்கே இருக்கும்.

எண்ணிய கணக்கைத் தேதி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். வந்த வாட்ஸாப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள். அதே மாத்திரையை நீங்களும் சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் சீட்டையும் பில்லையும் இன்றே எடுத்து வையுங்கள்.

பிரச்சினை வேண்டாமே என்று உங்கள் காசில் வாங்கி வைக்காதீர்கள். அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ, மன்னிப்புக் கடிதமோ கொடுக்க வேண்டாம். சம்பளப் பாக்கியை நிறுத்துவோம் என்றாலும் கூடாது.

விலை நூறு ரூபாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். சாதாரணத் திருட்டில் 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. ஆனால் வேலைக்காரர் முதலாளி பொருளை எடுத்ததாகப் புகார் வந்தால் அது பி.என்.எஸ். (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) 306ஆவது பிரிவு; தண்டனை 7 ஆண்டு வரை, மதிப்பு கணக்கில் வராது. கைது அவசியமில்லாத நிலையில் பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 35(3)படி எழுத்து நோட்டீஸ்தான் தர வேண்டும். அதனால் போனில் "ஸ்டேஷனுக்கு வா" என்றால், நோட்டீஸ் கேளுங்கள். நோட்டீஸ் வந்தபின் போகாமல் இருந்தால் கைது செய்யலாம்; போனால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் பொதுவாக அதை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நிரூபிக்க முடியாது. பெண்ணைச் சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் கைது செய்ய, விதிவிலக்கான சூழல் இருக்க வேண்டும். அப்போதும் பெண் போலீஸ் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி பெற்றாக வேண்டும்.

எந்த ஸ்டேஷன் என்பதைக் கவனியுங்கள். கடலூர்–புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி போலீஸ், கடலூர்ப் பக்கம் கடலூர் மாவட்டப் போலீஸ். வேலை செய்த வீடு எங்கே இருக்கிறதோ அதுதான் கணக்கு, உங்கள் ஊர் அல்ல. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

வேலையில் தொடர்வதென்றால், மருந்துப் பெட்டிச் சாவி வீட்டாரிடமே இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் எண்ணி, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விலகுவதென்றால், மீதி எத்தனை என்று எழுதி ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல்படி இறங்குங்கள்.