கால் எட்டுவது மட்டும் போதாது: உயரமும் எடையும் குறைந்தவர்கள் முதல் பைக்கைத் தேர்ந்தெடுக்க

என் உயரம் 150 செ.மீ., எடை 45 கிலோ. பைக் பார்க்கப் போன ஷோரூம்களில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "உங்களுக்கு ஸ்கூட்டர்தான் சரி மேடம்." நான்கு வருஷமாகக் கியர் வண்டிதான் ஓட்டுகிறேன். அதே ஆசையோடு இருப்பவர்கள் மனசு விட்டுவிடக் கூடாது என்றுதான், நான் வண்டி பார்த்த முறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. காலை அளந்துகொள்ளுங்கள்

உங்கள் உயரத்தைவிடக் கால் நீளம்தான் முக்கியம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். தடித்த நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்த மாதிரி, மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 68 செ.மீ. வந்தது. சீட் உயரம் 78 செ.மீ. என்று போட்டிருக்கும் வண்டியைப் பார்த்து உடனே பயந்துவிட வேண்டாம். உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும், ஷூ இரண்டு செ.மீ. கொடுக்கும், மீதிக்கு முன்பாதம் ஊன்றினால் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: 75 கிலோ ஆள் உட்காரும்போது அமுங்குகிற அளவுக்கு நமக்கு அமுங்காது. "கால் நல்லா எட்டுது" என்று வீடியோவில் ஒருவர் சொன்னால், அவர் எடையையும் பாருங்கள்.

2. சீட் உயரத்தையும் எடையையும் சேர்த்தே பாருங்கள்

சில பைக்குகளின் சீட் உயரமும் எடையும் இவை. ஸ்ப்ளெண்டர் பிளஸ்: 785 மி.மீ., 112 கிலோ. ஷைன் 100: 786 மி.மீ., 99 கிலோ. ரெய்டர் 125: 780 மி.மீ., 123 கிலோ. கிளாசிக் 350: 805 மி.மீ., 195 கிலோ. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறலாம்.

அவெஞ்சர் பைக்கின் சீட் 737 மி.மீ.தான். அதனால் குள்ளமானவர்களுக்கு எல்லாரும் அதைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் 160 சி.சி. வண்டியே 150 கிலோவுக்கு மேல். சீட்டும் அகலம். அகலமான சீட்டில் தொடை விரிவதால் காலின் நீளம் அங்கேயே கொஞ்சம் போய்விடும். கால் வைக்கும் இடமும் முன்னால் தள்ளி இருக்கும். எனக்குக் கால் தரையில் நன்றாகப் பதிந்தது, ஆனால் ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் ஒரு பக்கக் கை எட்டவில்லை.

முதல் வண்டிக்கு 100 முதல் 125 சி.சி.க்குள் நிற்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கைக்கு அடங்குகிற வண்டியில்தான் பயம் போகும்.

3. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உருட்டிப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வண்டி ஓடும்போது அதன் எடை தெரியாது. பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதும், பெட்ரோல் பங்க் வரிசையில் ஓரடி ஓரடியாக நகரும்போதும்தான் தெரியும்.

ஷோரூமில் எஞ்சினை ஆன் செய்யாமல் இவற்றைச் செய்து பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். இறங்கி நின்று பத்தடி முன்னால், பத்தடி பின்னால் தள்ளுங்கள். ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் உருட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அதைக் கையால் தூக்கக் கூடாது, ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்கிற மாதிரி உடல் எடையை இறக்க வேண்டும். விற்பனையாளர் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினமும் கூட வந்து தள்ளிக்கொடுக்க அவர் இருக்க மாட்டார். ஷோரூம் வண்டியில் பெட்ரோல் பெரும்பாலும் அடியில்தான் கிடக்கும். பத்து லிட்டர் நிரப்பினால் ஏழு கிலோவுக்கு மேல் கூடும், அதுவும் மேல்பக்கத்தில்.

4. இடது காலைக் கவனியுங்கள்

இரண்டு குதிகாலும் தரையில் பட வேண்டியதில்லை. நிற்கும்போது வலது கால் பின் பிரேக்கில் இருக்கும், ஊன்றுவது இடது கால்தான். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் ரோடுகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் போவது இடது ஓரம். அதாவது ஷோரூமின் சமதரையில் எட்டிய கால், ரோட்டோரத்தில் இன்னும் கீழே போக வேண்டும். அண்ணனின் 350 சி.சி. வண்டியை நான் கீழே போட்டது இப்படித்தான். மண் சரிவில் நிறுத்தினேன், கால் எட்டவில்லை, வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் சாய்ந்த பிறகு 45 கிலோ உடம்பால் 195 கிலோவைப் பிடிக்க முடியாது.

அதனால் சீட்டில் ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தின் முன்பாதி அழுத்தமாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். பெருவிரல் நுனி மட்டும் பட்டால் அந்த வண்டி வேண்டாம்.

5. கை

கிளட்சை இரண்டு விரலால் இருபது தடவை பிடித்து விடுங்கள். விரல் கடுத்தால் டிராஃபிக்கில் தாங்காது.

6. வண்டியை நமக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது

பின் ஷாக் அப்சார்பரை ஆக மென்மையான நிலைக்கு வைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாக அமுங்கும். குஷன் கடையில் சீட்டின் முன்பக்க ஓரங்களை மட்டும் செதுக்கச் சொன்னால் செலவு குறைவு, பலன் அதிகம். உயரத்தை அப்படியே குறைக்க வேண்டியதில்லை, அகலம் குறைந்தாலே கால் நேராக இறங்கும். ஷாக் அப்சார்பரையே மாற்றி வண்டியை இறக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும், இறங்கிய உயரத்துக்குச் சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் விழும்.

7. பணம் கட்டுவதற்கு முன்

கியர் வண்டிக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அந்த ஒரு மாதம் தெரிந்தவர்களின் பழைய 100 சி.சி. வண்டியில், லைசென்ஸ் உள்ளவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எட்டு போட்டுப் பழகுங்கள். மெதுவாகத் திரும்பும்போது, ஹேண்டில் ஒடிந்திருக்கையில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும்.

விழுந்தால் தூக்கவும் பழகிக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே விரித்து வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டில் ஒட்டிக் குந்துங்கள். ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். 112 கிலோ வண்டியை நான் தனியாகவே இப்படித் தூக்கி நிறுத்தியிருக்கிறேன்.